மலைக்குக் கீழே மாம்பூச் சாலை

திருப்பதிக்குப் போய்வரும் லட்சக்கணக்கானோர் எட்டிப் பார்க்காத சித்தூர் நாட்டுச் சாலைகளில் ஒரு சைக்கிள் பயணம்

சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகிறவர்களுக்கு நடுவில் இருக்கும் ஊரெல்லாம் சீக்கிரம் கழிய வேண்டிய தூரம். காரில் போனால் புத்தூர் எப்போது தாண்டும் என்று பார்க்கிறோம். பஸ்ஸில் போனால் நாகலாபுரத்தில் ஒரு டீ. சப்தகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் அரக்கோணம் தாண்டியதும் தூக்கம். ஒவ்வொரு நாளும் அறுபதாயிரம், எழுபதாயிரம் பேர் ஏழுமலையானைச் சேவித்துவிட்டு, கையில் லட்டுப் பையோடு அதே அவசரத்தில் திரும்புகிறார்கள். அந்த மலைக்குத் தெற்கே, காலை வெயிலில் கிடக்கும் ஒரு நாட்டை அவர்களில் பெரும்பாலோர் பார்த்ததே இல்லை.

திருப்பதியிலிருந்து ராமச்சந்திராபுரம், பச்சிகாபள்ளம், வெதுருகுப்பம், கார்வேட்டிநகரம் என்று போய்ப் புத்தூரில் முடியும் உள்சாலைகளைச் சொல்கிறேன். இருபுறமும் மாந்தோப்பு, இடையிடையே கரும்பு, தலைக்கு மேல் புளியமரக் கிளை, தள்ளி நிற்கும் பாறைக் குன்றுகள். விடியற்காலையில் நம்மைக் கடந்து போகும் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சென்னைக்காரர் ஒருவர் ஒரே ரயிலில் சைக்கிளோடு போய்ச் சேரக்கூடிய இடங்களில் இதைவிட நல்ல சைக்கிள் நாடு கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். வாரம் தவறாமல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசை கட்டும் நம்மூர் சைக்கிள்காரர்கள் ஒருமுறையாவது இந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

உலகம் முழுக்க சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஆசையோடு பேசும் இடங்களில் ஒன்று ஸ்பெயினின் கட்டலோனியாவில் இருக்கிற ப்ரியோரட். ஸ்லேட் பாறைச் சரிவுகளில் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம். கிராட்டலோப்ஸ், பொர்ரேரா, சியூரானா என்று குன்றுகளில் ஒட்டிக்கொண்ட சின்ன ஊர்கள். ஊருக்கு ஊர் வளைந்து ஏறி இறங்கும் ஒல்லியான தார்ச்சாலை. அந்தச் சாலைகளின் அமைதிக்குப் பின்னால் பெரிய துயரம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஃபைலோக்ஸரா என்ற வேர்ப்பூச்சி கொடிகளை அழித்தது. பிழைக்க வழியின்றி மக்கள் வெளியேறினார்கள். ஊர்கள் காலியாகி, சாலைகள் மட்டும் மிஞ்சின. 1980களின் கடைசியில் இளம் ஒயின் தயாரிப்பாளர்கள் சிலர் வந்து பழைய கொடிகளுக்கு உயிர் கொடுத்த பிறகுதான் அந்தப் பகுதி தலை நிமிர்ந்தது. அதே ஸ்பெயினில், சைக்கிளைத் தாண்டும் வண்டி குறைந்தது ஒன்றரை மீட்டர் விலகித்தான் போக வேண்டும் என்பது சட்டம். 2022இல் அதை இன்னும் இறுக்கினார்கள். ஒரே திசையில் பல தடங்கள் உள்ள சாலையென்றால், சைக்கிளைத் தாண்டுகிறவர் அடுத்த தடத்துக்கே மாறிவிட வேண்டும்.

சித்தூர் நாட்டின் அமைதி வேறு விதமாக வந்தது. இங்கே ஊர் எதுவும் காலியாகவில்லை. போக்குவரத்துதான் இடம் மாறியது. சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையும் திருப்பதி–சித்தூர் நெடுஞ்சாலையும் அகலமாக ஆக, லாரிகளும் கார்களும் அங்கே போய்விட்டன. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் பழைய சாலைகளில் மிஞ்சியவை பால் வண்டி, பள்ளிக்கூட ஆட்டோ, மாங்காய் டிராக்டர், எப்போதாவது வரும் ஆந்திர அரசு பஸ். நெடுஞ்சாலைகள் நமக்குத் தெரியாமலே செய்துவிட்டுப் போன நல்ல காரியம் இது.

மலைச்சாலை யாருக்கு?

திருப்பதியில் சைக்கிள் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது திருமலை மலைச்சாலையைத்தான். நியாயமான ஆசை. கீழே திருப்பதி, அதற்கு ஏறத்தாழ 700 மீட்டர் மேலே திருமலை. 1944 ஏப்ரலில் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் திறந்துவைத்தது முதல் மலைச்சாலை. அதைத் திட்டமிடுவதில் விசுவேசுவரய்யாவின் ஆலோசனையும் இருந்தது. 19 கிலோமீட்டரில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு முன்பு மேலே போவதென்றால் நடை, இல்லாவிட்டால் டோலி. கூட்டம் பெருகியதும் 1974இல் இரண்டாவது சாலை வந்தது. இப்போது பழைய சாலை இறங்குவதற்கு, புதிய சாலை ஏறுவதற்கு.

அந்த மலைச்சாலையோரப் பாறையில் ஓர் அதிசயம் இருக்கிறது. 1872இல் வில்லியம் கிங் என்ற நிலவியலாளர் கண்டுசொன்னது. அடியில் மிகப் பழைய கருங்கல். அதன்மேல் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும் குவார்ட்சைட் பாறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடுதான் தெரியும். அந்தக் கோட்டுக்குள் சுமார் ஐம்பது கோடி ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன. அத்தனை காலத்துக்கும் இங்கே பாறை எழுதிவைத்த பதிவு எதுவும் இல்லை. இந்திய நிலவியல் துறை இதைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கிறது. பஸ் ஜன்னல் வழியாக ஒரு நொடியில் கடந்துவிடுகிற இடம் அது. மேலே உட்கார்ந்திருக்கும் அந்தக் குவார்ட்சைட்டுக்கு நிலவியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் நகரி குவார்ட்சைட். தெற்கே புத்தூருக்கும் நகரிக்கும் மேலே செங்குத்துச் சுவராக நிற்பதும் அதே பாறைதான்.

இவ்வளவு சொன்ன பிறகும், மலைச்சாலையில் சைக்கிள் ஓட்டாதீர்கள் என்றுதான் சொல்வேன். சில நிமிஷத்துக்கு ஒரு பஸ் ஏறுகிறது. நடுவில் ஜீப், கார், மொட்டையடித்துத் திரும்பும் குடும்பங்களோடு இருசக்கர வாகனங்கள். வளைவில் ஒதுங்க இடமில்லை. 2021 டிசம்பர் முதல் தேதி, பெருமழைக்குப் பின் இரண்டாவது சாலையில் பெரும் பாறைகள் உருண்டு விழுந்து சாலையே பெயர்ந்தது. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கொன்றது. அதற்குப் பிறகு இருசக்கர வாகனங்களுக்கு நேரக் கட்டுப்பாடு வந்தது. அங்கே போகிறவர்கள் பக்தர்கள். அவர்கள் கவனம் சாலையில் போகும் சைக்கிளில் இருக்காது, இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. மேலே போக ஆசைப்பட்டால் சைக்கிளை அடிவாரத்தில் பூட்டிவிட்டுக் காலால் ஏறுங்கள். அலிபிரி வழியில் 3,550 படிகள். சீனிவாச மங்காபுரத்துப் பக்கம் ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388 படிகள். தூரம் குறைவு, செங்குத்து அதிகம். மறுநாள் சைக்கிள் ஓட்ட வேண்டுமென்றால் முழங்காலை நினைத்துக்கொண்டு இறங்குங்கள்.

ராயலசெருவுக்குப் போகும் வழி

திருப்பதிக்காரர்கள் ஆர்.சி. ரோடு என்று சொல்வது ராயலசெருவு சாலையை. நகரத்துக்குள் அது கடையும் கூச்சலுமாகத்தான் தொடங்கும். விடியுமுன் கிளம்பினால் அந்தப் பகுதி தெரியாமலே கழிந்துவிடும். புறவழிச்சாலையைத் தாண்டியதும் வீடுகள் குறைந்து, வயலும் குன்றும் பக்கத்தில் வந்துவிடும். திரும்பிப் பார்த்தால் வடக்கே சேஷாசலம் மலை ஒரே நீளச் சுவராக நிற்கும். தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வடக்கெல்லையாகச் சொல்லும் வேங்கடம் இதுதான் என்று, அந்த நீளத்தைக் கண்ணால் அளந்து பார்க்கும்போதுதான் நெஞ்சில் உறைக்கிறது. மலைக்குள் இருக்கும்போது இது தெரியாது. தெற்கே இருந்து, மெதுவாகப் போகிறவனுக்குத்தான் அந்த மலை எல்லையாகத் தெரியும்.

ராயலசெருவு, கிருஷ்ணதேவராயர் காலத்து ஏரி. குன்றுகளுக்கு நடுவே கரை கட்டி நீரைத் தேக்கியிருக்கிறார்கள். ஐந்நூறு ஆண்டுகளாக அந்தக் கரை நிற்கிறது. 2021 நவம்பரில் கொட்டிய மழையில் ஏரி விளிம்புவரை நிறைந்து, கரையில் கசிவு கண்டபோது, கீழே இருந்த ஊர்களை ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்யச் சொன்னார்கள். மணல் மூட்டையும் சிமென்ட்டும் வைத்துக் கரையைக் காப்பாற்றினார்கள். கரைமேல் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருபக்கம் நீரையும் மறுபக்கம் தாழ்ந்து கிடக்கும் வயலையும் பார்த்தால், அன்றைக்கு எத்தனை ஊரின் மூச்சு இந்தக் கரையில் தொங்கியது என்பது புரியும்.

இங்கிருந்து பச்சிகாபள்ளம் நோக்கிப் போகும் சாலைதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். பெரிய ஏற்றம் கிடையாது. குன்றைச் சுற்றி, குன்றுக்கு நடுவே, ஏரிக்கரையோரம் என்று ஏறி இறங்கிக்கொண்டே போகும். கியர் இல்லாத சைக்கிளில்கூடப் போகலாம். பள்ளிப் பிள்ளைகள் அப்படித்தான் போகிறார்கள். ஜனவரி நடுவில் தோப்புகள் பூக்க ஆரம்பிக்கும். பூங்கொத்தின் காம்பு முதலில் சிவப்பாக நீண்டு, பிறகு மங்கிய மஞ்சளாகப் பொடிப்பூ விரியும். ஒரு மரத்துப் பூவில் வாசனை அவ்வளவு தெரியாது. பத்து ஏக்கர் தோப்பு சேர்ந்து பூத்தால் காற்றே கனமாகிவிடும். லேசான புளிப்பும் தேனும் கலந்த அந்த வாசனை சாலையை விட்டு அகலாது. காரில் கண்ணாடி ஏற்றிப் போகிறவருக்கு அது கிடைக்காது. பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்தும் அடிப்பார்கள். தோப்புக்குள் ஸ்பிரேயர் சத்தம் கேட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சீக்கிரம் கடந்துவிடுவது நல்லது.

இன்னொரு விஷயம், இந்தச் சாலைகளில் மட்டும் கற்க வேண்டியது. கொள்ளு அறுவடை நேரத்தில் செடியோடு பிடுங்கி வந்து தார்ச்சாலையில் பாதி அகலத்துக்குப் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் டிராக்டரும் ஏறி இறங்க, காய் வெடித்துக் கொள்ளு உதிரும். சாயங்காலம் பெருக்கித் தூற்றி அள்ளிக்கொண்டு போவார்கள். களமில்லாத விவசாயிக்குச் சாலைதான் களம். மெல்லிய டயரில் அதன்மேல் ஏறினால் அடியில் உருளும் கொள்ளு சக்கரத்தை வாரிவிடும். முன் பிரேக்கைத் தொடவே கூடாது. வேகத்தை முன்னாலேயே குறைத்து, ஹேண்டில்பாரைத் திருப்பாமல் நேராகப் போக வேண்டும். இல்லையென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். ஓரத்தில் விளக்குமாறோடு நிற்கும் அம்மாவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போங்கள். அவர் விளைச்சலின் மேல்தான் நாம் போகிறோம்.

டீக்கடையில் நிறுத்தினால் வரும் முதல் கேள்வி, "எந்த ஊரு சாமி?" திருப்பதிச் சுற்றுவட்டாரத்தில் வெளியூர்க்காரர் எல்லோரும் சாமிதான். நாம் தமிழில் பதில் சொன்னால் அவர்களும் தமிழுக்கு மாறிவிடுவார்கள். பாதி வீட்டில் பெண் கொடுத்ததோ எடுத்ததோ திருத்தணியிலோ சோளிங்கரிலோ இருக்கும். 1911இல் வட ஆற்காட்டிலிருந்து பிரித்துச் சித்தூர் மாவட்டத்தை உருவாக்கினார்கள். 1953இல் அது ஆந்திராவுக்குப் போனது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி நம்மிடம் திரும்பியது. கோடு எங்கே விழுந்தாலும் சம்பந்தங்கள் அப்படியே இருக்கின்றன. ராகி சங்கட்டியும் வேர்க்கடலைச் சட்னியும் இருக்கும் கடை கண்ணில் பட்டால் விடாதீர்கள். நாற்பது கிலோமீட்டர் மிதித்தவனுக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது.

கார்வேட்டிநகரம் பழைய ஜமீன் தலைநகர். வேணுகோபால சுவாமி கோயிலும், கல் படிக்கட்டுகள் இறங்கும் குளமும் அந்தப் பழைய பெருமையை இன்றும் காட்டுகின்றன. வெயில் ஏறும் நேரத்துக்கு இங்கே வந்து சேர்ந்தால் குளக்கரையில் உட்கார்ந்து ஓய்வெடுக்கலாம். பக்கத்தில் இருக்கும் கிருஷ்ணாபுரம் அணை நிறைந்தால் திறந்துவிடும் நீர் பள்ளிப்பட்டு வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, பூண்டி ஏரிக்கு வருகிறது. சென்னையில் நாம் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு இந்தக் குன்றுகளில் பெய்த மழை.

அங்கிருந்து புத்தூர் பதின்மூன்று, பதினான்கு கிலோமீட்டர்தான். கிழக்கே நகரி மலையின் பாறைச்சுவர் எழும்பிக்கொண்டே வரும். அதன் தெற்கு முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் நகரி மூக்கை அடையாளமாக வைத்துத்தான் அந்தக் காலத்தில் கடலில் வந்த மாலுமிகள் கரையைக் கண்டுகொண்டார்கள். புத்தூருக்குள் நுழைந்ததும் விசைத்தறிச் சத்தம். நகரி, புத்தூர், நாராயணவனம் மூன்றிலும் நெசவாளர் தெருக்களில் வீட்டுப் பேச்சு பெரும்பாலும் தமிழ்தான். எலும்பு முறிவுக்குப் போடும் கட்டு என்று தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்த புத்தூர் கட்டு இந்த ஊர்க்காரர்களுடையது. கட்டுப் போட்ட கையோடு வெளியே வரும் குடும்பங்களில் பாதிக்குமேல் நம்மூர் முகமாக இருக்கும்.

திருப்பதியில் தொடங்கிப் புத்தூரில் முடித்தால் எழுபது, எண்பது கிலோமீட்டர். பழகிய காலுக்கு அரை நாள். நீண்டதூர பிரெவே பயணங்களில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்துப் பழகியவர்களுக்கு இது சின்னத் தூரமாகத் தெரியலாம். அவர்களையும் கேட்டுக்கொள்கிறேன், இங்கே கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

மாங்காய்க்குப் பின்னால்

ப்ரியோரட்டில் திராட்சை என்றால் இங்கே தோத்தாபுரி. கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் சொல்லும் அதே மாங்காய். வீட்டில் கடித்துச் சாப்பிடுவதைவிட ஆலையில் கூழாக்குவதற்குத்தான் இது அதிகம் போகிறது. நாம் கடையில் வாங்கிக் குடிக்கும் மாம்பழப் பானங்களுக்குள் சித்தூர் மாவட்டத்து ஆலைகளின் கூழ் இருக்கிறது. தோப்பின் அழகை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதியைத்தான் பார்த்திருக்கிறோம். 2025 பருவத்தில் காய் அமோகமாகக் காய்த்தது. விலை அடியோடு சரிந்தது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய், அரசு 4 ரூபாய், சேர்த்து 12 ரூபாய் விவசாயிக்கு என்று அறிவிப்பு வந்தது. வெளிமாநிலத் தோத்தாபுரி உள்ளே வரக்கூடாது என்று அந்த ஜூனில் சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை போட, கர்நாடக முதல்வர் கடிதம் எழுதும் அளவுக்குப் போனது. ஆலை வாசல்களில் டிராக்டர்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. நின்ற இடத்திலேயே காய் அழுகியது.

ஆகவே ஜூன், ஜூலையில் சைக்கிளோடு இந்தப் பக்கம் போகாதீர்கள். வெயில் ஒரு காரணம். சாலை அந்த மாதங்களில் விவசாயிக்கு வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம். இரவு பகலாக ஓடும் டிராக்டருக்கும் நசுங்கிய பழத்தில் வழுக்கும் தாருக்கும் நடுவில் உல்லாசப் பயணிக்கு வேலையில்லை.

காட்டுப் பக்கம்

சந்திரகிரி வழியாகத் தலகோனா போவது இன்னொரு பாதை. விஜயநகர அரசின் கடைசிக் காலத்துத் தலைநகரான சந்திரகிரியில் ராஜமகாலைப் பார்த்துவிட்டு மேற்கே போகலாம். ஆனால் பாக்கராபேட்டைவரை அது மதனப்பள்ளி நெடுஞ்சாலை. நடுவில் இருக்கும் மலை இறக்கத்தில் 2022 மார்ச்சில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து பலர் இறந்தார்கள். அந்தத் துண்டை வேனில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு கடப்பதே சரி. பாக்கராபேட்டையில் இறங்கி, நெரபைலு வழியாகத் தலகோனா அருவிவரை போகும் சாலையை மட்டும் மிதியுங்கள். ஊர் குறைந்து காடு கூடிக்கொண்டே போகும். 270 அடி உயரத்திலிருந்து விழும் அருவியும் சித்தேஸ்வரர் கோயிலும் கடைசியில் காத்திருக்கும்.

இந்தப் பாதையில் சாலையைவிட்டு இறங்கக் கூடாது. அதற்குக் காரணங்கள் உண்டு. இது சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம், 2010இல் அறிவிக்கப்பட்டது. உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளராத செம்மரம் இந்த மலைத்தொடர்களில்தான் வளர்கிறது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி இதே காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளிகள் இருபது பேரை ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்து மலைக்கிராமங்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் அவர்கள். மரத்தை விற்றுப் பணம் பார்த்தவர்கள் அந்த இருபது பேரில் இல்லை. அந்தச் செய்தியை மறந்துவிட்டு இந்தக் காட்டோரம் ஒரு தமிழன் உல்லாசமாகப் போக முடியாது, போகவும் கூடாது. சோதனைச் சாவடியில் எங்கே, எதற்கு என்று கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லி, அடையாள அட்டையைக் காட்டுங்கள். யானைகளும் இப்போது சந்திரகிரிப் பக்கம்வரை வருகின்றன. 2025 ஜனவரியில் அந்த மண்டலத்தில் யானை தாக்கி ஒருவர் உயிரிழந்தார். மாலை நான்கு மணிக்கு மேல் இந்தச் சாலையில் இருக்காதீர்கள்.

ஏற்றம்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு மதனப்பள்ளிக்கு அப்பால் ஹார்ஸ்லி மலை. கடப்பை கலெக்டராக இருந்த ஹார்ஸ்லி வீடு கட்டிக்கொண்டதால் வந்த பெயர். உள்ளூர்க்காரர்களுக்கு அது ஏனுகு மல்லம்மா கொண்டா. மதனப்பள்ளியே 700 மீட்டரை ஒட்டிய உயரம். மலையுச்சி 1,250 மீட்டருக்கு மேல். திருமலையைவிடக் குளிர்ச்சி, வண்டியோ பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அடிவாரத்தில் ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ரிஷிவேலி பள்ளி. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் மட்டும் வாழும் மஞ்சள் தொண்டைச் சின்னானைப் பார்க்கப் பறவை ஆர்வலர்கள் இங்கே வருகிறார்கள். 1919இல் தாகூர் மதனப்பள்ளியில் தங்கியிருந்தபோதுதான் ஜனகணமனவை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மலைச்சாலை ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் திருமலையை விட்டுவிட்டு இங்கே வரட்டும்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு எதிர்த்திசையில் ஒரு சமவெளிப் பாதை உண்டு. ரேணிகுண்டாவைத் தாண்டி, கண்ணாடி மணி செய்யும் தொழிலுக்குப் பேர்போன பாப்பாநாயுடுபேட்டை வழியாகக் குடிமல்லம். சுவர்ணமுகி ஆற்றங்கரையை ஒட்டிய வயல்வெளி, ஏற்றமே இல்லை. குடிமல்லத்துப் பரசுராமேஸ்வரர் கோயிலில் சுமார் ஐந்தடி உயர லிங்கம்; அதன் முகப்பில் ஒரு குள்ளன்மேல் நிற்கும் உருவம். கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்தது என்று பல ஆய்வாளர்கள் கணிக்கும் இந்த லிங்கத்தின் முன் பெரும்பாலும் வரிசையே இருக்காது.

போவது எப்படி?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடியும்வரைதான் காலம். அக்டோபர், நவம்பரில் மழை, ஓடைப்பாலங்களில் தண்ணீர். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். சைக்கிளை ரயில்வே பார்சல் அலுவலகத்தில் லக்கேஜாகப் பதிவு செய்து பிரேக் வேனில் ஏற்றலாம். புத்தூரில் ரயில் அதிக நேரம் நிற்காது. ஆகவே திருப்பதியிலோ ரேணிகுண்டாவிலோ இறக்குவதே நல்லது. திரும்பும்போது புத்தூரிலிருந்து நகரி வழியாகத் திருத்தணிவரை ஓட்டி, அங்கே ரயிலைப் பிடிப்பவர்களும் உண்டு. அந்தத் துண்டு நெடுஞ்சாலை. அதிகாலையில் மட்டும் போங்கள். டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். சாலையோரம் சீமைக்கருவேல முள் அதிகம். இரண்டு டியூப், பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான் எல்லாம் கையில் இருக்கட்டும். ஊருக்கு ஊர் சைக்கிள் கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். புரட்டாசியில் இந்தப் பக்கத்துச் சாலைகளெல்லாம் கோவிந்தா போட்டு நடந்துவரும் பாதயாத்திரைக்காரர்களுடையவை. அந்த மாதம் அவர்களுக்கு வழிவிடுவோம்.

ஆந்திர அரசுக்கும் சித்தூர், திருப்பதி மாவட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சித்தூரிலிருந்து தச்சூர்வரை ஆறுவழிச் சாலை வருகிறது. பெங்களூர்–சென்னை விரைவுச்சாலையும் சித்தூர் மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. லாரிக்கும் காருக்கும் வேண்டிய வேகம் அங்கே கிடைத்துவிடும். ராயலசெருவிலிருந்து கார்வேட்டிநகரம்வரை போகும் உள்சாலையை அகலப்படுத்தி இன்னொரு நெடுஞ்சாலையாக்க வேண்டாம். அடுத்தமுறை தார் போடும்போது இருபக்கமும் ஒரு மீட்டர் ஓரத்தைச் சமன்படுத்திக் கொடுங்கள். ஊர் முனைகளில் வேகத்தடையும், சைக்கிள் வரும் என்ற பலகையும் வையுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குத்தான் அது முதலில் உதவும். புளியமரங்களை வெட்டாதீர்கள்.

வாசகர்களுக்கு ஒரே ஒரு சொல். பிப்ரவரி முடிந்தால் பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்துவிடும். மார்ச் பாதியில் வெயில் ஏறிவிடும். அதற்குள் ஒருமுறை போய் வாருங்கள்.